பிளக்குக்கு வைத்த பொட்டு

காலை ஏழு நாற்பதுக்கு என் கணவர் அந்த பிளக்குக்குப் பொட்டு வைத்தார். நான் அப்போது அடுப்படியில் இருந்தேன், பார்க்கவில்லை. மணியைப் பிறகு அவரே சொன்னார். அவர் குங்குமத்தை எடுத்த நேரம் மஞ்சக்குட்டை வளைவில் பஸ் ஹாரன் அடித்ததாம். அந்த பஸ் ஏழு நாற்பதுக்குத்தான் அங்கே வரும்.

அன்று ஆயுத பூஜை. அவர் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர். குளித்துவிட்டு ஈரத் தலையோடு சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். தையல் மெஷின், அரிவாள்மனை, பிரஷர் குக்கர், என் பள்ளிக்கூடப் பையில் இருந்த வெர்னியர் காலிபர். கடைசியாக மகளின் கிடார், கிடாரோடு சேர்ந்த பெட்டி, பெட்டியிலிருந்து வரும் வயர், வயரின் நுனியில் இருந்த இரண்டு பின் பிளக்.

எங்கள் வீட்டில் எல்லாம் கெட்டுப்போனது அந்த நிமிடத்தில்தான் என்று மூன்று வாரம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடமும் சொன்னேன்.

அது என்ன பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிபயர். டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் செய்து கொடுத்தது. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன வால்வு ரேடியோவைப் பிரித்து, ஒவ்வொரு வயராகக் கையால் பற்றவைத்து, சில்வர் ஓக் பலகையில் கூடு அடித்து, எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். உள்ளே இரண்டே வால்வு. நாலு வாட் சத்தம்.

"நாலு வாட்டா? கொசுவுக்குக் கச்சேரி வெக்கிறதுக்கா?" என்று என் கணவர் சிரித்தார்.

சேலத்தில் கல்யாண ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வைத்திருந்த ஐம்பது வாட் டிரான்சிஸ்டர் பெட்டியில் என் மகள் ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மென்று இருந்தாள். "மெதுவாத் தட்டுனாலும் பலமாத் தட்டுனாலும் அதுல ஒரே மாதிரிதாம்மா வருது. நான் என்ன பண்றேன்னு அதுக்குத் தெரியவே மாட்டேங்குது" என்றாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

நாலு வாட் பெட்டிக்குத் தெரிந்தது. மெல்லத் தட்டினால் வெண்கலக் கிண்ணத்தில் ஸ்பூன் பட்ட மாதிரி சுத்தமாக ஒலிக்கும். கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் லேசாகக் கரகரக்கும். இன்னும் அழுத்தினால், அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவரின் தொண்டை மாதிரி கம்மிப் போகும். இத்தனையும் விரலில்தான். பெரிய பெட்டியை அந்தக் கரகரப்பு வரும் அளவுக்குத் திறந்தால் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் குழந்தைகள் எழுந்துவிடும். இதை முழுக்கத் திறந்து வைத்தாலும் சத்தம் எங்கள் கொய்யா மரத்தைத் தாண்டாது. சுவிட்சைப் போட்டதும் பாடிவிடாது. அரை நிமிடம் போக வேண்டும். வால்வுக்குள் கம்பி சிவக்கும், சூடான தூசி வாசம் வரும், பிறகுதான் பேசும். ஆடி மழைக் குளிரில் அவள் பெட்டியின் பின்பக்கத் துளைகளில் விரலைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டுதான் வாசிப்பாள்.

இன்னொன்று. மலையில் சாயங்காலம் ஆறரை ஆனால் எல்லா வீட்டிலும் விளக்கு போடுவார்கள், வோல்டேஜ் சரியும். டியூப் லைட் எரியாது. நாங்கள் எல்லாரும் கரண்ட் ஆபீஸைத் திட்டும் நேரம் அது. அவள் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பாள். வோல்டேஜ் குறைந்தால் அந்தப் பெட்டியின் சத்தம் இளகும். தட்டிய சுரம் சட்டென்று எழாமல், ஒரு மூச்சு தாமதித்து, மெழுகு மாதிரி வளைந்து வரும். ஒருநாள் அவள் அப்பா அன்போடு ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியபோது, "ஏம்ப்பா, அதக் கெடுக்கறீங்க!" என்று சண்டைக்குப் போனாள்.

எனக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. விடைத்தாள் திருத்தும்போது சிவப்புப் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். வேறு எதையும் சாக்குச் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் அந்தப் பெட்டி ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். சித்திரையில் அதைக் கொடுத்தபோதே ரேடியோ கடைக்காரர் சொன்னார்.

"டீச்சருங்க, இது டிரான்ஸ்பார்மர் இல்லாத ரேடியோவுல இருந்து செஞ்சதுங்க. உள்ள இருக்கிற இரும்புத் தட்டு நேரா லைன்லயே ஒட்டிக்கிட்டு இருக்குது. பிளக்க ஒரு பக்கமாச் சொருவுனா ஒண்ணுமில்லீங்க. திருப்பிச் சொருவுனா தட்டுல கரண்ட்டு வந்துரும். தட்டுல வந்தா கிடார்க் கம்பியிலயும் வந்துரும். தனியா ஒரு டிரான்ஸ்பார்மர் சுத்திப் போட்டுட்டா பயமில்லீங்க. அதுக்குள்ள வெக்கிற தகடு கெடைக்கோணும். அடுத்த வாரம் போட்டுத் தந்தர்றேனுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க. நான் பிசிக்ஸ் டீச்சர்" என்றேன் நான். எவ்வளவு மிடுக்காகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து டெஸ்டரை எடுத்தேன். பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகி இரும்புத் தட்டைத் தொட்டேன். டெஸ்டரின் சின்ன பல்பு சிவப்பாக எரிந்தது. பிளக்கைத் திருப்பினேன், எரியவில்லை. எரியாத பக்கத்தில், பிளக்கின் மேல்முகத்தில், மகளின் நெயில் பாலிஷைப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி வைத்தேன். "இந்தச் செவப்பு மேல இருக்கோணும். கால்ல ரப்பர் செருப்பு இருக்கோணும். ரெண்டுல ஒண்ணு இல்லீன்னா கிடாரத் தொடக் கூடாது. உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா பெட்டியத் தூக்கி ஓடையில போட்டுருவாரு" என்றேன்.

"சரிம்மா" என்றாள். ஆறு மாதம் அப்படியே செய்தாள். பிள்ளையை ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ரேடியோ கடைக்காரர் ஆறு மாதம் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போதெல்லாம் கடை வாசலில் நின்று கேட்டேன். தகடு வரலீங்க, ஆள் வரலீங்க, மழைங்க. வைகாசியில் சண்டை போட்டேன். ஆடிக்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். பொட்டுதான் இருக்கிறதே என்று ஒரு நிம்மதி.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் எஸ்டேட்டின் பல்ப்பர் கொட்டகையில் பூஜை. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின் இருக்கும் இடம் அது. அறுவடைக்கு முன்னால் வருடா வருடம் அங்கேதான் படையல். ரைட்டரின் மகள் கிடார் வாசிப்பாள் என்று மேனேஜர் கேள்விப்பட்டு, "சரஸ்வதிக்கு ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்க" என்றிருந்தார். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு போனார்.

கொட்டகையின் சிமென்ட் தரையைப் பூஜைக்காகக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் பளபளவென்று இருந்தது. சாமி இருக்கும் இடம் என்று எல்லாரும் செருப்பை வாசலில் விட்டிருந்தார்கள். நான் வெளியே மேசையில் பொரிகடலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். மகளின் ரப்பர் செருப்பு வாசலில் மற்ற செருப்புகளோடு கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்தும், பொட்டுதான் இருக்கிறதே என்று நினைத்தேன்.

நாலு பத்துக்கு உள்ளே பெட்டி உறும ஆரம்பித்தது.

அந்த உறுமல் எனக்குத் தெரியும். சரியாகச் சொருகினால் பெட்டியில் லேசான இரைச்சல்தான் இருக்கும். திருப்பிச் சொருகினால் டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி கனமாக உறுமும். எனக்கு எதிரே மேனேஜர் நின்று, என் பள்ளிக்கூட ரிசல்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "உங்க ஸ்கூல்ல இந்த வருஷம்..." என்று ஆரம்பித்திருந்தார். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கட்டும் என்று நான் நின்றேன். பெரிய மனிதர் பேசும்போது நடுவில் ஓடுவது மரியாதை இல்லை என்று எனக்கு யாரோ சின்ன வயதில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரிந்தால் அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன்.

அவர் முடித்தார். நான் ஓடினேன்.

என் மகள் படையலுக்கு முன்னால் கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. தலை பின்னால் சாய்ந்து, பின்னல் அவிழ்ந்து, பல் இறுகியிருந்தது. இடது கை கம்பிகளைப் பிடித்திருந்தது, விடவில்லை. விட முடியாது. கரண்ட் பிடித்தால் கை மூடிக்கொள்ளும், அதைப் பத்தாம் வகுப்பில் நான்தான் நடத்துகிறேன்.

சுற்றி நின்ற பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாமி வந்துருச்சு டோய்!"

"ரைட்டரய்யா பொண்ணு மேல ஆத்தா எறங்கிட்டா!"

ஒரு பெண் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு அவள் காலில் ஊற்ற முன்னால் வந்தாள். என் கணவர் அங்கேதான் நின்றார். அவர் கண்ணில் தண்ணீர். அவரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "பிளக்கு! பிளக்கு!" என்று நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் புரியவில்லை.

வாசல் பக்கமிருந்து எஸ்டேட் ஜீப் டிரைவர் உள்ளே வந்தார். செம்மநத்தத்துக்காரர், எதற்கும் அவசரப்படாத மனிதர். காலில் பூட்ஸ். "செருப்பக் கழட்டுடா, பூஜ நடக்குதில்ல!" என்று யாரோ அதட்டினார்கள். "இருங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே அவர் பூட்ஸ் காலோடு சுவரோரம் போய் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். உறுமல் நின்றது. என் மகள் துணி மாதிரி கீழே விழுந்தாள்.

பிறகு அவரிடம் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "எனக்கென்னங்க தெரியும்? மெஷினு வேற மாதிரி சத்தம் போட்டா மொதல்ல ஆப் பண்ணிப்போட்டுத்தான் பாக்கோணும்" என்றார்.

கீழே விழுந்தவளுக்கு மூச்சு இல்லை. டிரைவர்தான் நெஞ்சில் அமுக்கினார். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அவள் இருமினாள். அவளை ஜீப்பில் போட்டுக்கொண்டு குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் மூக்கின் கீழே என் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

இடது கையில் மூன்று விரல்களின் உள்பக்கம் கம்பிகளின் கோடு கறுப்பாக வெந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை என்று மறுநாள் சொன்னார்கள். மோதிர விரல் மடங்குமா என்று பின்னால்தான் சொல்ல முடியும் என்றார்கள். கட்டுப் போட்ட இளம் டாக்டர், "எர்த் இல்லாத சாமான வெச்சு யாருங்க வாசிக்க விட்டது? ஊட்ல படிச்சவங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆனால் என் கணவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியில் கரண்ட் வரும் என்பதை, நெயில் பாலிஷை, அவரிடம் மறைத்ததை.

"பழைய பொட்டுன்னு நெனச்சேன். மங்கிப் போயிருந்துச்சு. புதுசா வெச்சேன்" என்றார்.

"எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"நெனப்பில்லயே."

"மாத்தி வெச்சுட்டீங்க. அவ செவப்பப் பாத்துத்தான் சொருவியிருக்கறா. எதுக்குங்க பிளக்குக்கெல்லாம் பொட்டு? கரண்டு என்ன உங்க சாமியா? உங்க கையாலதான் இது நடந்துச்சு."

எனக்கு இப்படிப் பேச வரும் என்றே தெரியாத அளவுக்குக் கொடூரமாகப் பேசினேன். அவர் எழுந்தார். உள்ளே போய், மகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாதான் கண்ணு தப்புப் பண்ணிட்டேன்" என்றார். அவள், "நான் பாத்துத்தாம்ப்பா சொருவுனேன். பொட்டு மேலதான் இருந்துச்சு" என்றாள். "அது உங்கப்பா வெச்ச பொட்டு" என்றேன் நான், வாசலில் நின்று.

நாலு நாளில் வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு அவர் காலையில் குளித்துவிட்டுக் குங்குமச் சிமிழைத் தொடுவதில்லை. வெறும் நெற்றியோடு ஆபீஸுக்குப் போனார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் பேசியதையும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து வந்த நாத்தனார், "பொம்பளப் புள்ளைக்கு ஒரு வீணை வாங்கிக் குடுத்தாப் போதாதா?" என்றார். "வீணைய பிளக்குல சொருவ முடியாதுங்க" என்றேன். அதோடு காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். மேனேஜர் வீட்டிலிருந்து ஒரு பை ஆரஞ்சு வந்தது. கும்பிட்ட பெண்களில் இருவர் விபூதி கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருத்தி, மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு வைத்திருந்தவள், என் மகளின் கட்டைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

ரேடியோ கடைக்காரரிடம் வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. மூன்று முறை டவுனுக்குப் போனேன். மூன்று முறையும் கடை பூட்டியிருந்தது. ஓடிவிட்டான் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று, தெரியாத ஆட்களிடமெல்லாம் சத்தமாகச் சொன்னேன். ஒரு டீச்சர் அப்படிப் பேசி அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெட்டியை விறகுக் கொட்டாயில் சாக்குக்கு அடியில் போட்டிருந்தேன். ஒருநாள் சுத்தியலோடு போனேன். சாக்கை விலக்க மனம் வரவில்லை. அருவருப்பாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். சோதனை செய்யாமல் முடிவு எழுதும் மாணவர்களுக்கு நான் மார்க் போடுவதில்லை. அந்த பிளக்கை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை நான்.

மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பெட்டிய என்னம்மா பண்ணுனே?"

"இருக்குது."

"ஒடச்சிராத. வெரலு மடங்குதான்னு எதுலம்மா பாக்கறது?"

மூன்றாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். மோதிர விரல் பாதிதான் மடங்கியது. இன்று அவளுக்குத் திருமணம் ஆகி வேறு ஊரில் இருக்கிறாள். குளிர் நாளில் அந்த விரல் இன்னும் முழுக்க மடங்குவதில்லை. அவள் வீட்டுக்குப் போனால் நான் முதலில் சாக்கெட்டுகளைத்தான் டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பேன். பேரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் யாரோ, "ஏனுங்க, டீச்சருங்க" என்று கூப்பிட்டார்கள். ரேடியோ கடைக்காரர். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஏதோ பாரம். விரல்களில் வார்னிஷ் கறுப்பு. உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல் ஆறு மாதத்தையும் மூன்று வாரத்தையும் அவர் மேல் கொட்டினேன். அவர் நின்று கேட்டார்.

"சேலத்துல ஒருத்தர் பட்டறையில உக்காந்து நானே சுத்துனேனுங்க. அதான் கடையத் தொறக்கல. நொம்பத் தாமசம் பண்ணிட்டேனுங்க" என்றார். பையிலிருந்து டிரான்ஸ்பார்மரை எடுத்து வாசற்படியில் வைத்தார். "பெட்டியக் கொண்டாங்க."

நான் அசையவில்லை. என் கணவர்தான் கொட்டாய்க்குப் போய்ச் சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்தார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் முதலில் பிளக்கைக் கையில் எடுத்தார். அதன் மேல் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. வேட்டி நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தார். குங்குமம் போனது. சந்தனம் போனது. அதற்கு அடியில், அதே இடத்தில், ஒரு நூல்கூட விலகாமல், என் நெயில் பாலிஷ் இருந்தது.

அவர் பிளக்கை என் கணவர் பக்கம் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாரு சரியான எடத்துலதானுங்க வெச்சிருக்கறாரு. பாப்பாவும் சரியாத்தான் சொருவியிருக்குது. அந்தப் பல்ப்பர் கொட்டாய்ல சாக்கெட்டுக்கு வயர மாத்திக் குடுத்திருப்பாங்க. எடம் மாறுனா மறுபடியும் டெஸ்டர் வெச்சுப் பாக்கோணுமுங்க. அத நான் அன்னிக்கே சொல்லியிருப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதானுங்க சொல்லல, டீச்சருங்க."